எவ்வளவு உயரம் தூக்க முடியும்? மூத்தவர்களின் நீண்ட பயணத்துக்குப் பெட்டியும் சாமானும்: ஓர் ஒப்பீடு

பயணச் சாமான் என்றதும் பலரும் முதலில் பார்ப்பது, விமான நிறுவனம் எத்தனை கிலோ விடும் என்பதைத்தான். அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டி ஒரு மாதம், மூன்று மாதம் என்று கிளம்புகிறவர்களுக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு: பக்கத்தில் உதவிக்கு யாரும் இல்லாதபோது, கையில் இருக்கும் பெட்டியை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியும்? 23 கிலோ அனுமதி விமானத்தின் வயிற்றுக்குக் கொடுத்தது, உங்கள் தோளுக்குக் கொடுத்ததல்ல.

சக்கரத்தில் உருளும்வரை எடை தெரியாது. ரயில் பெட்டியின் படி, லிஃப்ட் பழுதான தங்குமிடம், பஸ்ஸின் சாமான் அறை, விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறை என்று நாலைந்து இடங்களில்தான் தெரியவரும். நாள் முழுக்கச் சுகமாக உருட்டி வந்த பெட்டி முதுகைப் பிடிப்பது அங்கேதான். பையைத் தேர்வதும், உள்ளே என்ன வைப்பது என்பதும் இந்தத் தூக்கும் கணத்தை வைத்து முடிவாக வேண்டியவை.

முதலில் ஒரு சோதனை

காலிப் பெட்டிக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். ஒரு பாட்டில் ஒரு கிலோ, தராசே வேண்டாம். 2 கிலோ பெட்டியில் நாலு பாட்டில் வைத்தால் 6 கிலோ. இதைத் தரையிலிருந்து மேசைக்கு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு கையில் தூக்கிக்கொண்டு இருபது படி ஏறுங்கள். கடைசியாக, தலை உயரத்தில் இருக்கும் ஒரு அலமாரித் தட்டில் வையுங்கள். அப்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். மூச்சை அடக்கித்தான் தூக்க முடிகிறது, அல்லது இடுப்பு பின்னால் வளைகிறது என்றால் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சிரமமில்லாமல் மூன்றும் முடிகிற எடையில் இன்னும் ஒரு கிலோவைக் கழியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்புக்கான கழிவு அது. மிஞ்சுவது எதுவோ அதுதான் உங்கள் எடை.

மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தமும் கண்ணழுத்தமும் ஒருசேர ஏறும். கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய், குடலிறக்கம், எலும்பு அடர்த்திக் குறைவு இருப்பவர்கள் தலைக்கு மேல் தூக்குவதை முழுக்கவே விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அடர்த்தி குறைந்த முதுகெலும்புக்குக் குனிந்தபடி திரும்பித் தூக்குவதுதான் பெரிய ஆபத்து. நேராக நின்று தூக்குவது அந்த அளவுக்கு இல்லை.

எந்தப் பை?

கடைகளில் இன்று நிறைந்திருப்பது நாலு சக்கரப் பெட்டி. வழவழப்பான தரையில் இதற்கு ஈடில்லை. பக்கத்தில் நிறுத்தி விரலால் தள்ளினாலே போகும், மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. ஆனால் சக்கரங்கள் சிறியவை. கல் பாவிய தெருவில், தரைவிரிப்பில், சரளையில் அவை திணறும். ஒரு சக்கரத்தின் சுழலும் தண்டு வளைந்துவிட்டால் பெட்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வரும். சாய்வான தரையில் கையை விட்டால் தானாக ஓடும். மூத்தவர்களுக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு: களைத்துப் போனால் கை தன்னால் பெட்டியின் பிடியில் ஊன்றிக்கொள்ளும். பெட்டி அப்போது நழுவினால் ஆளும் கூடவே விழுவார். நடைக்கு ஊன்றுதுணை தேவைப்படுகிறவர்கள் பெட்டியை ஊன்றுகோலாக்கக் கூடாது.

இரண்டு சக்கரப் பெட்டி பழைய பாணிதான். சக்கரம் பெரியது, பாதி உடலுக்குள் பதிந்திருக்கும், எளிதில் உடையாது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், நிறுத்தினால் நிற்கும். விலையாகக் கொடுப்பது, சாய்த்து இழுக்கும்போது எடையில் ஒரு பங்கைக் கை தாங்க வேண்டியிருப்பது. கட்டைவிரல் மூட்டில் வாதம் உள்ளவர்களுக்கு அரை மணி நேரத்தில் வலி தெரியும். கைப்பிடி நீளம் போதாவிட்டால் முழங்கை மடங்கி, பெட்டி குதிகாலில் இடிக்கும். வாங்கும்போது கடையிலேயே பிடியை முழுக்க நீட்டி, எடை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். காலியாக இழுத்துப் பார்த்து வாங்கியவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

முதுகுப்பையை வயதானவர்களுக்கு ஆகாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. இரண்டு கையும் காலியாக இருப்பதால் படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கலாம், மற்ற கையில் ஊன்றுகோல் இருக்கலாம். 40 லிட்டர் பை காலியாக 1 முதல் 1.6 கிலோதான்; நாலு சக்கரக் கெட்டிப் பெட்டியோ 2.5 முதல் 3.3 கிலோ. 7 கிலோ வரம்பில் இந்த வித்தியாசம் துணிமணியில் பெரும்பகுதிக்குச் சமம். இடுப்புப் பட்டை அகலமாகவும் திண்டு வைத்தும் இருந்தால் சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கும். மெல்லிய நாடா மட்டும் இருக்கும் பட்டை அலங்காரத்துக்குத்தான்.

முதுகுப்பையில் ஆபத்து சுமப்பதில் இல்லை, மாட்டுவதில் இருக்கிறது. தரையில் கிடக்கும் பையை ஒரு கையால் தூக்கி, உடம்பைத் திருகி, தோளில் வீசுவதுதான் இளைஞர்கள் வழக்கம். தோள்தசை நாண் தேய்ந்தவர்களுக்கு அந்த ஒரு வீச்சு போதும். செய்ய வேண்டியது இது: பையை மேசையிலோ இடுப்பு உயரத் திண்ணையிலோ வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, லேசாக முழங்காலை மடக்கி, இரு கைகளையும் பட்டைக்குள் நுழைத்து, இடுப்புப் பட்டையை மாட்டி இறுக்கிய பிறகு நேராக நிமிர்வது. கழற்றுவதும் இதே இடத்தில்தான். போகிற வழியில் அப்படி ஒரு மேசை கிடைக்காத இடங்களே அதிகம் என்று நினைத்தால், அல்லது முதுகு கூன் விழுந்து பையின் சட்டம் பொருந்தாவிட்டால், முதுகுப்பை உங்களுக்கானதல்ல. சமநிலை தடுமாறுகிறவர்களுக்கும் அப்படியே. சுமை பின்னால் இழுக்கும்போது ஒரு சிறு தடுமாற்றம் பெரிய வீழ்ச்சியாகிவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்ற வேண்டாம்: 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ.

சக்கரம் வைத்த முதுகுப்பை இரண்டின் நன்மையும் சேர்ந்ததுபோல் தோன்றும். காலி எடையே 3 கிலோவைத் தொடும். சக்கரமும் கம்பியும் முதுகைக் குத்தும். ஒற்றைத் தோளில் மாட்டும் நீள்பை இன்னும் மோசம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கெட்டி ஓடா, துணியா என்ற கேள்விக்கும் குனிவதுதான் விடை சொல்கிறது. கெட்டிப் பெட்டி பெரும்பாலும் இரண்டு பாதியாக விரிந்து திறக்கும். சின்ன அறையில் அதற்குத் தரையை விட்டால் இடமில்லை. தினம் நாலு முறை தரைவரை குனிய வேண்டும். மூடிபோல் மேலே திறக்கும் துணிப்பெட்டியை நாற்காலியில் வைத்தே திறந்து மூடலாம், வெளிப்பையும் இருக்கும். எதை வாங்கினாலும் ஜிப் முனைகளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கயிற்று வளையம் கட்டிவிடுங்கள். விறைத்த விரலுக்கு அந்தச் சின்னத் தகரத் துண்டைப் பிடித்து இழுப்பது பெரும்பாடு.

நடுநிலையாகச் சொல்வதென்றால் உங்கள் வழித்தடம் முடிவு செய்யட்டும். விமான நிலையம், டாக்சி, லிஃப்ட் உள்ள தங்குமிடம் என்றே போகும் பயணத்துக்கு நாலு சக்கரம். ரயில், பஸ், பழைய தெருக்கள் என்றால் இரண்டு சக்கரத் துணிப்பெட்டி. ஊன்றுகோல் பிடித்து, படிகள் நிறைந்த இடங்களுக்குப் போகும் உறுதியான முதுகுக்காரருக்கு முதுகுப்பை. எதிலும் சேராத கலவையான பயணத்துக்கு இரண்டு சக்கரமே எங்கள் பரிந்துரை.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உதவியைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்பது பரவலான விதி. நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். உங்கள் பை உங்கள் மடியில்தான் வரும். மடியில் அடங்காத பெட்டி அங்கே சங்கடம்.

கையோடா, கீழேயா?

55×40×20 செ.மீ. அளவுக் கைப்பெட்டி வெளியளவில் 44 லிட்டர். சக்கரமும் பிடியும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள், ஆகவே உள்ளே கிடைப்பது அதைவிடக் குறைவு. எடை வரம்பு பல நிறுவனங்களில் 7 கிலோ, சிலவற்றில் 8, 10. இளைஞர்களிடையே ‘கைப்பெட்டி மட்டும்’ என்பது ஏதோ விரதம்போல் ஆகிவிட்டது. மூத்தவர்கள் அதைக் கடைப்பிடித்தே தீரவேண்டும் என்றில்லை. கைப்பெட்டியை மேலறைக்குத் தூக்க வேண்டும். கீழே கொடுக்கும் பெட்டியை இடுப்பளவுகூடத் தூக்காமல் எடைமேடையில் ஏற்றிவிடலாம். தோள் பலவீனமானவருக்கு 10 கிலோ பெட்டியைக் கீழே கொடுப்பது 7 கிலோவை மேலே தூக்குவதைவிட நல்லது.

கீழே கொடுப்பதிலும் குறை இல்லாமல் இல்லை. சுழலும் பட்டையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை நின்ற இடத்திலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். குனிந்து, திருகி, தூக்குவது மூன்றும் ஒரே நொடியில் நடக்கும் இடம் அது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதில் கௌரவம் பார்க்காதீர்கள். பெட்டி தாமதமானால் இரண்டு மூன்று நாள் அது இல்லாமல் ஓட்ட வேண்டும்.

அதனால் மூன்றாவது வழி பலருக்குப் பொருந்துகிறது: முன் இருக்கையின் அடியில் போகும் 40×30×20 செ.மீ. சிறு பை ஒன்று, கீழே கொடுக்க 10 கிலோவுக்குள் ஒரு பெட்டி. சிறு பையில் எல்லா மருந்தும், கண்ணாடியும், செவிக்கருவியும், ஒரு நாள் உள்ளாடையும். தலைக்கு மேல் தூக்கும் வேலையே கிடையாது. பெட்டி வராமல் போனாலும் பயணம் நிற்காது.

கைப்பெட்டி மட்டும் கொண்டுபோகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று: விமானம் நிறைந்திருந்தால் ஏறும் வாசலிலேயே பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். மருந்தெல்லாம் அதற்குள் என்றால் நடைபாதையில் உட்கார்ந்து திறந்து கொட்ட வேண்டியிருக்கும். ஒரே கையால் உருவி எடுக்கும்படி மருந்துப் பொதியைப் பெட்டியின் மேற்பக்கத்தில் தனிப் பையாக வைக்க வேண்டும். பவர் பேங்கும் அதிலேயே இருக்கட்டும். பவர் பேங்க் போன்ற உதிரி லித்தியம் பேட்டரியைக் கீழே அனுப்ப விதி இடம் கொடுக்காது. 100 வாட்-அவர் வரையில் கையோடு கொண்டுபோகலாம், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-அவர். ஆனால் அது 350 கிராமுக்கு மேல் இருக்கும். தினம் ஒரு கூரையின் கீழ் தூங்குகிறவருக்கு 10,000 போதும்.

மருந்து: முழுதுமா, பாதியா?

இளைஞரின் பையை நிரப்புவது துணி. மூத்தவர் பையில் முதல் இடம் மருந்துக்கும் கருவிகளுக்கும். இதில் வெட்ட இடமில்லாததால் மற்றதை வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு மாத்திரை என்றால் 90 நாளுக்கு 360. பத்து மாத்திரை அட்டையாக 36 அட்டை. வெளி அட்டைப்பெட்டிகளைக் கழித்தால் இடம் பாதியாகக் குறையும். ஆனால் எல்லைச் சோதனையில் கேட்பது பெயரும் மருத்துவர் குறிப்பும் உள்ள மூலப் பொதியைத்தான். நடுவழி: ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு மீதி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது. அட்டையிலிருந்து உதிர்ப்பது ஒரு வார அளவுக்கு மட்டும். ஈரம் பட்டால் கெடும் மாத்திரைகள் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாற்றவே கூடாது.

30 நாளுக்கு மட்டும் எடுத்துப் போய், போகும் இடத்தில் வாங்கலாம் என்பது இரண்டாவது வழி. எடை குறையும், கவலை கூடும். ஒரே வணிகப் பெயர் இன்னொரு நாட்டில் வேறு மருந்தாக இருக்கலாம்: ஃபுளோமேக்ஸ் அமெரிக்காவில் புராஸ்டேட் மருந்து, இத்தாலியில் அதே பெயரில் இருந்தது ஒரு வீக்கம் குறைக்கும் மருந்து. மூலப் பெயரே இரண்டாக இருப்பதும் உண்டு. பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒன்றே, கிளிபென்கிளமைடும் கிளைபுரைடும் ஒன்றே. இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் வெவ்வேறு நாடுகளில் புழங்குகின்றன, சிரிஞ்சும் அதற்கேற்ப மாறும். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

வீட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது மூன்றாவது. சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும், வெயிலில் கிடக்கும்; எண்ண வேண்டாம்.

மூன்று மாதம்வரை முழு மருந்தையும் கையோடு எடுத்துச் செல்வதே சரி. அதற்கு மேல் போனால் பாதியில் ஒரு மருத்துவரைப் பார்க்கும் திட்டத்தோடு கிளம்ப வேண்டும். சில மருந்துகளுக்கு அனுமதியே கிடையாது: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பான் உள்ளே விடாது; கொடீன், டிராமடால் போன்ற வலிநிவாரணிகளுக்குப் பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது; கீழே போகும் பெட்டியில் உறைந்து கெடக்கூடும் என்பதால் எப்போதும் கையோடுதான். தண்ணீரில் நனைத்துக் குளிர்விக்கும் பொதி வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், புழுக்கமான இடத்தில் ஏமாற்றும்.

துணி: துவைக்கும் கையைக் கேளுங்கள்

‘மூன்று செட் போதும், இரவில் துவைத்துப் போடலாம்’ என்பது எடை குறைக்கும் எல்லாருடைய மந்திரம். கணக்கு சரிதான். துவைப்பது யார் என்பதை அது கேட்பதில்லை. ஈரத்துணியைப் பிழிவது மணிக்கட்டுக்குக் கடினமான வேலைகளில் ஒன்று. கூடுதலாக நாலு மேலாடையும் நாலு உள்ளாடையும் சேர்த்தால் ஏறக்குறைய 840 கிராம். அதைக் கொடுத்தால் வாரம் ஒருமுறை இயந்திரத்தில் போட்டால் போதும். கைமூட்டில் வாதம் இருந்தால் அந்த 840 கிராம் நல்ல பேரம். கையால்தான் துவைப்பேன் என்பவர்கள் பிழிய வேண்டாம்: ஈரத்துணியைத் துண்டில் பரப்பி, பாயைப் போலச் சுருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

பருத்தி உடம்புக்கு இதம், ஆனால் கனம் கூடுதல், காய நேரமெடுக்கும். பாலியஸ்டர் சில மணி நேரத்தில் காயும், ஒரே நாளில் வாடை பிடிக்கும். மெரினோ கம்பளி மூன்று நாலு நாள் போட்டாலும் நாறாது, ஆனால் விலை அதிகம், சீக்கிரம் ஓட்டை விழும். மேலே மெரினோ, கீழே நைலான் பேண்ட், உள்ளாடை மட்டும் பருத்தி என்ற கலவை பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஜீன்ஸ் ஒன்று 600 கிராமைத் தாண்டும். நைலான் பேண்ட் அதில் பாதி. காற்றை வெளியேற்றிச் சுருக்கும் பைகளை நம்பாதீர்கள், அவை இடத்தைக் குறைக்கும், எடையை மறைக்கும்.

காலணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழகிய நடைக்காலணி காலில். பையில் பின்பட்டை உள்ள இலேசான செருப்பு. பின்பட்டை இல்லாதது ஈரக் குளியலறையில் வழுக்கும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் கால் வீங்கும் என்பதால் நாடா தளர்த்தக்கூடிய காலணியே நல்லது. அழுத்தக் காலுறை 60 கிராம்தான். காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

7 கிலோவுக்குள் அடங்குமா?

கிராமில் போட்டுப் பார்ப்போம். இரண்டு சக்கரத் துணிப்பெட்டி 2200. மருந்து, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாற்றுக் கண்ணாடி, காலுறை 1400. சார்ஜர், பவர் பேங்க், பிளக் மாற்றி 400. குளியல் சாமான் 500. உடுத்தியது போக மேலாடை இரண்டு 300, பேண்ட் 350, உள்ளாடை நாலு 250, காலுறை மூன்று 150, குளிர்மேலாடை 300, மழைச்சட்டை 250, இரவு உடை 300, செருப்பு 450. துணி மொத்தம் 2350. ஆகக்கூடி 6850. என்ன உடை அணிபவராக இருந்தாலும் துணிக்கு இந்த அளவுதான் மிஞ்சும். இதே சாமானை 3 கிலோ நாலு சக்கரப் பெட்டியில் போட்டால் 7650. முதுகுப்பையில் போட்டால் 6000க்குப் பக்கம். வாரம் ஒருமுறை துவைக்கும் அந்த 840 கிராமைச் சேர்த்தால் இரண்டு சக்கரமும் வரம்பைத் தாண்டும். அப்போது கீழே கொடுக்கும் வழிதான்.

தூக்கத்தில் மூச்சடைப்புக்குச் சிபாப் கருவி வைத்திருப்பவர்களின் கணக்கு தனி. வழக்கமான கருவி குழாய், முகமூடியோடு ஒன்றரை கிலோ ஆகலாம். பயண வகை 300 கிராம், ஆனால் சத்தம் கூடுதல், ஈரப்பதம் சேர்க்கும் வசதியும் குறைவு. மருத்துவக் கருவியைப் பல நிறுவனங்கள் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பையில் ஒரு காலுறையைத் திணித்தாலும் அது சாதாரணப் பையாகிவிடும். மடக்கு ஊன்றுகோலும் கணக்கில் வராது, 300 முதல் 400 கிராம்; கூர்முனை உள்ள மலையேற்றக் கோலைத்தான் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். செவிக்கருவிக்கான 312 அளவு துத்தநாகப் பேட்டரி ஏறக்குறைய ஒரு வாரம் வரும். இரண்டு காதுக்கும் மூன்று மாதத்துக்கு 26. மொத்தம் 15 கிராம்தான், தாராளமாக எடுத்துப் போகலாம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும் என்பதால் முன்கூட்டியே உரித்து வைக்காதீர்கள். உறிஞ்சு அணையாடை பயன்படுத்துவோர் மூன்று நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஆங்காங்கே வாங்கிக்கொள்ளலாம். எடையைவிட இடம்தான் அதில் பிரச்சினை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஏழு நாள், வீட்டிலேயே அந்தப் பெட்டியிலிருந்து மட்டும் எடுத்து உடுத்துங்கள். எட்டாம் நாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும் துணியை வெளியே எடுத்துவிடுங்கள். மழைச்சட்டைக்கு மட்டும் விலக்கு. அலமாரியைத் திறந்து எடுக்க வேண்டிவந்த பொருளை உள்ளே சேருங்கள். பிறகு கைத்தராசில் தூக்கி நிறுங்கள். வரம்புக்கு அரை கிலோ கீழே நின்றால் திரும்பி வரும்போது எதையும் வீசிவிட்டு வர வேண்டியிருக்காது.